பி.எஸ்.ஏ. ஏறுகிறது, என்ன செய்வது? வேலூர்க்காரர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

வேலூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். காலையில் கோட்டை அகழி ஓரம் நடக்கப் போனால் தெரிந்தவர்கள் செல்போனை நீட்டுவார்கள். சர்க்கரை ரிப்போர்ட் என்றால் நடந்துகொண்டே சத்தமாகக் கேட்பார்கள். பி.எஸ்.ஏ., அதாவது புராஸ்டேட் புற்றுநோய் இருக்குமோ என்று பார்க்க எடுக்கும் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் என்றால் மட்டும் ஓரமாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக் காட்டுவார்கள். அப்படி ஓரமாகக் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. எண் எப்படி வருகிறது, எங்கே ஏமாற்றும் என்பது தெரியும். வைத்தியத்தை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

பி.எஸ்.ஏ. என்பது என்ன?

ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் அடியில், மூத்திரக் குழாயைச் சுற்றி ஒரு சுரப்பி இருக்கிறது. அதுதான் புராஸ்டேட். இளவயதில் கொட்டைப்பாக்கைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும், வயதாக ஆக வீங்கும். அது சுரக்கும் ஒரு புரதம்தான் பி.எஸ்.ஏ. விந்து கெட்டியாக நிற்காமல் நீர்த்துப்போக வைப்பது அதன் வேலை. அதில் கொஞ்சம் ரத்தத்தில் கசியும். அந்தக் கசிவைத்தான் நாங்கள் ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்று அளக்கிறோம். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு நானோகிராம்.

இந்தப் புரதம் புராஸ்டேட்டுக்கு உரியது. புற்றுநோய்க்கு மட்டும் உரியது என்று யாரும் சொல்லவில்லை. நல்ல செல்லும் சுரக்கும், கெட்ட செல்லும் சுரக்கும்.

ரிப்போர்ட்டில் 4-க்கு மேல் போட்டுத் தடித்த எழுத்தில் காட்டியிருக்கிறார்கள். புற்றுநோய்தானா?

அந்தத் தடித்த எழுத்தை டாக்டர் போடவில்லை, கம்ப்யூட்டர் போட்டது. 0 முதல் 4 வரை நார்மல் என்று அதில் ஏற்றி வைத்திருப்பார்கள். 4.1 வந்தாலும் கொட்டை எழுத்துதான், 41 வந்தாலும் கொட்டை எழுத்துதான்.

மருத்துவ நூல்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு இது: அளவு 4-லிருந்து 10-க்குள் இருப்பவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குப் புற்றுநோய் இருக்கலாம். அதாவது நாலில் மூன்று பேருக்கு வேறு காரணம். 10-ஐத் தாண்டினால் வாய்ப்பு பாதிக்கு மேல் போகிறது. 4-க்குக் கீழே இருந்தால் நிம்மதியா என்றால் அதுவும் முழுசாகச் சொல்ல முடியாது. அமெரிக்காவில் அளவு 4-க்குள் இருந்த ஆண்களுக்கே பயாப்சி (ஊசியால் சுரப்பியிலிருந்து துளி சதை எடுத்துச் சோதிப்பது) எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2004-ல் வெளிவந்தது. அவர்களில் சுமார் 15 சதவீதம் பேருக்குப் புற்றுநோய் இருந்தது.

வயதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 72 வயதுக்காரருக்கு 5 வந்தால் நான் பதற மாட்டேன். 48 வயதுக்காரருக்கு 3.5 வந்தால் ‘ரிப்போர்ட்டில் நார்மல்’ என்று விடவும் மாட்டேன்.

புற்றுநோய் இல்லாமல் வேறு எதனால் ஏறும்?

வயதாகிச் சுரப்பி சாதாரணமாகப் பெருத்தாலே ஏறும். மூத்திரத்தில் கிருமி, சுரப்பியில் அழற்சி, மூத்திரம் அடைத்துக்கொள்வது, டியூப் போடுவது, எல்லாவற்றாலும் ஏறும். நான் வேலையில் இருந்தபோது கல்யாணத்துக்குப் போய் மூத்திரம் அடைத்து, நடுராத்திரி டியூப் போட்டுக்கொண்டு வந்தார் ஒருவர். மறுநாளே யாரோ பி.எஸ்.ஏ. எழுதிக் கொடுத்துவிட்டார்கள். 38 வந்தது. குடும்பமே கூடத்து வாசலில் அழுதது. இரண்டு மாதம் கழித்து எடுத்தபோது 5-க்குப் பக்கம் இறங்கியிருந்தது. அந்த நிலையில் அந்த டெஸ்ட்டே எடுத்திருக்கக் கூடாது.

“வேலூர் வெயில்தான் சார், சூடு பிடித்துவிட்டது” என்று நிறையப் பேர் சொல்வார்கள். சூட்டால் பி.எஸ்.ஏ. ஏறாது. ஆனால் அக்னி நட்சத்திரத்தில் தண்ணீர் குடிக்காமல் அலைந்து, நீர்க்கடுப்பு வந்து, அதற்குப் பின்னால் கிருமியும் சேர்ந்திருந்தால் அந்தக் கிருமி ஏற்றிவிடும். எரிச்சலோ காய்ச்சலோ இருந்தால் முதலில் மூத்திரப் பரிசோதனை செய்யுங்கள். கிருமி இருந்தால் வைத்தியம் முடிந்து ஆறு முதல் எட்டு வாரம் கழித்து பி.எஸ்.ஏ. எடுங்கள். எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்கு, எண்ணைக் குறைப்பதற்காக மட்டும் ஆன்டிபயாடிக் கொடுப்பது சரியான முறை இல்லை.

ரத்தம் கொடுக்கப் போகும்முன் என்ன கவனிக்க வேண்டும்? வெறும் வயிறா?

இட்லி சாப்பிட்டுவிட்டே போகலாம். இரண்டு நாள் முன்பிருந்து விந்து வெளியேறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதைக் கேட்கக் கூச்சப்பட்டு எங்கள் ஆட்களே கேட்பதில்லை. நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் அந்த இரண்டு நாளும் நிறுத்தி வைக்கலாம். பயாப்சி எடுத்திருந்தால் குறைந்தது ஆறு வாரம் ஆக வேண்டும்.

அப்புறம் ஒன்று. முடிந்தவரை ஒரே லேபில் எடுங்கள். இயந்திரம் மாறினால் எண் கொஞ்சம் மாறும். காட்பாடியில் ஒரு தடவை, சத்துவாச்சாரியில் ஒரு தடவை, வீட்டுக்கு வந்து எடுக்கிறவரிடம் ஒரு தடவை என்று எடுத்துவிட்டு, 4.4 எப்படி 5.0 ஆனது என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது.

மாத்திரை சாப்பிட ஆரம்பித்ததும் அளவு பாதியாகிவிட்டது. நோய் குறைந்துவிட்டதா?

இந்தக் கேள்விக்காகத்தான் இதையெல்லாம் எழுத உட்கார்ந்தேன்.

புராஸ்டேட் வீக்கத்துக்கு இரண்டு வகை மாத்திரைகள் உண்டு. டாம்சுலோசின் போன்றவை மூத்திர வழியைத் தளர்த்தும், பி.எஸ்.ஏ.வைத் தொடாது. ஃபினாஸ்டிரைடு, டுடாஸ்டிரைடு ஆகிய இரண்டும் சுரப்பியையே சுருக்கும். ஆறு மாதம், ஒரு வருடம் தொடர்ந்து சாப்பிட்டால் பி.எஸ்.ஏ. ஏறக்குறைய பாதியாகிவிடும். புற்றுநோய் இருந்தாலும் எண் இறங்கித்தான் தெரியும். கடையில் இரண்டு வகையும் சேர்ந்த ஒரே மாத்திரையாகவே கிடைக்கிறது, அதனால் எதைச் சாப்பிடுகிறோம் என்று பலருக்குத் தெரியாது. முடி கொட்டுவதற்குச் சிறிய அளவில் ஃபினாஸ்டிரைடு சாப்பிடுகிறவர்களுக்கும் இதே கதைதான்.

என் அண்ணன் குடியாத்தத்தில் லுங்கி வியாபாரம் செய்தவர். ராத்திரி நாலைந்து தடவை எழுந்திருக்கிறார் என்று அங்கேயே ஒரு டாக்டரிடம் காட்டினார். முதல் பி.எஸ்.ஏ. 5.2. சேர்ந்த மாத்திரையை எழுதிக் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் 2.4 என்று வந்தது. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். அடுத்து 2.6. அதற்கடுத்து 3.1. அப்புறம் 3.7. ஒவ்வொரு தடவையும் ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புவார். நானும் பார்த்துவிட்டு, “4-க்குள்ளதான் இருக்கு, நார்மல்தான் அண்ணா” என்று போனில் சொல்லிவிடுவேன். 31 வருடம் லேபில் இருந்தவன் சொன்னால் அவர் ஏன் மேலே கேட்கப் போகிறார்?

வேறு ஏதோ விஷயமாக வேலூர் வந்தவரை ஒரு யூராலஜி (மூத்திர வழி, புராஸ்டேட் வைத்தியம்) டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் எண்ணைப் பார்க்கும் முன்னால் “என்ன மாத்திரை சாப்பிடறீங்க?” என்று கேட்டார். சீட்டை வாங்கிப் பார்த்தார். 3.7 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் பேனாவால் 7.4 என்று எழுதினார். “இந்த மாத்திரை சாப்பிடறவருக்கு இரண்டால பெருக்கிப் பார்க்கணும். அதைவிட முக்கியம், ஒரு தடவை இறங்கின எண் மாத்திரை சாப்பிடும்போதே திரும்ப ஏறக் கூடாது” என்றார். வெளியே வந்ததும் அண்ணன் கேட்டார்: “என்னடா, நார்மல்னு சொன்னியே?”

பயாப்சியில் புற்றுநோய்தான். இப்போது கதிர்வீச்சு முடிந்து நன்றாக இருக்கிறார். ஆனால் ஒரு வருடம் முன்பே பார்த்திருக்கலாம். மாத்திரைச் சீட்டைக் கேட்காமல் எண்ணை மட்டும் பார்த்தது என் தவறு.

எவ்வளவு வேகமாக ஏறினால் கவலைப்பட வேண்டும்?

வருடத்துக்கு 0.75-க்கு மேல் ஏறினால் ஆபத்து என்று ஒரு பழைய கணக்கு உண்டு. இப்போது அதை மட்டும் வைத்து டாக்டர்கள் முடிவெடுப்பதில்லை, ஏனென்றால் ஒரே ஆளுக்கு ஒரே மாதத்தில் எடுத்தாலே எண் ஆடும். ஒரு தடவை ஏறியிருந்தால் சில வாரம் விட்டு, மேலே சொன்ன கவனத்தோடு திரும்ப எடுங்கள். திரும்ப எடுத்ததில் இறங்கி வருவது சகஜம். மூன்று நான்கு தடவையும் படிப்படியாக ஏறிக்கொண்டே போனால் யூராலஜி டாக்டரிடம் போக வேண்டும். பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

விரல் விட்டுப் பார்ப்பார்களாமே?

ஆமாம். பின்வழியாக விரலை விட்டுச் சுரப்பி மிருதுவாக இருக்கிறதா, கல் போல் கட்டி தட்டுகிறதா என்று பார்ப்பார்கள். அரை நிமிடம்கூட ஆகாது. இதற்குப் பயந்து ஒரு வருடம் டாக்டரிடமே போகாமல் இருந்தவரை எனக்குத் தெரியும்.

ஃப்ரீ பி.எஸ்.ஏ., டென்சிட்டி என்றெல்லாம் எழுதுகிறார்கள். அது எதற்கு?

ரத்தத்தில் பி.எஸ்.ஏ. பெரும்பாலும் வேறு புரதத்தோடு ஒட்டிக்கொண்டு திரியும், கொஞ்சம் மட்டும் தனியாக இருக்கும். தனியாக இருப்பதுதான் ஃப்ரீ. மொத்தத்தில் அது 25 சதவீதத்துக்கு மேல் இருந்தால் சாதாரண வீக்கமாக இருக்கும் வாய்ப்பு அதிகம், 10 சதவீதத்துக்குக் கீழே என்றால் சந்தேகம் கூடும். 4-லிருந்து 10-க்குள் மாட்டிக்கொண்டவர்களுக்குத்தான் இது உதவும்.

டென்சிட்டி இன்னும் சுலபம். ஸ்கேனில் சுரப்பியின் அளவு வரும். பி.எஸ்.ஏ.வை அதால் வகுக்க வேண்டும். ஒருவருக்கு பி.எஸ்.ஏ. 6, சுரப்பி 80 மில்லி என்றால் 0.075. பெரிய சுரப்பி, அதனால் பெரிய எண். இன்னொருவருக்கும் அதே 6, ஆனால் சுரப்பி 30 மில்லிதான் என்றால் 0.2. இவ்வளவு சின்னச் சுரப்பி இவ்வளவு சுரக்கக் காரணம் என்ன என்று கேட்க வேண்டும். 0.15-ஐத் தாண்டினால் டாக்டர்கள் கூடுதலாகக் கவனிப்பார்கள். ஒரே எண், இரண்டு வேறு ஆட்கள். எனக்குப் பிடித்த கணக்கு இது.

எம்.ஆர்.ஐ. முதலிலா, பயாப்சி முதலிலா?

வசதி இருந்தால் எம்.ஆர்.ஐ. முதலில். பயாப்சி எடுத்த பிறகு உள்ளே ரத்தம் கட்டி, படம் குழம்பும். எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் பை-ராட்ஸ் என்று 1 முதல் 5 வரை ஓர் எண் வரும். 1, 2 என்றால் சந்தேகம் குறைவு. 3 நடுவில். 4, 5 என்றால் பயாப்சி எடுக்கச் சொல்வார்கள். “பை-ராட்ஸ் 4” என்பதை நாலாவது ஸ்டேஜ் என்று படித்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தார் நம் நடைப்பயிற்சி நண்பர் ஒருவர். ஸ்டேஜுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ஊசி போட்டுச் சதை எடுத்தால் நோய் கிளம்பிப் பரவிவிடும் என்கிறார்களே?

‘கத்தி பட்டால் பரவும்’ என்பது நம் பக்கம் தாத்தா காலத்திலிருந்து வரும் பேச்சு. அந்தக் காலத்தில் முற்றிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கே போவார்கள், போனதும் இறந்துபோவார்கள், பழி கத்தி மேல் விழுந்தது. புராஸ்டேட் பயாப்சியால் நோய் பரவும் என்ற பயத்துக்கு இடமில்லை.

வேறு இரண்டு விஷயத்துக்குக் கவனம் வேண்டும். ஒன்று கிருமி. மலக்குடல் வழியாக ஊசி போட்டால் அந்த ஆபத்து கொஞ்சம் அதிகம், விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே உள்ள தோல் வழியாகப் போட்டால் குறைவு. எந்த வழி என்று கேளுங்கள். எடுத்த பிறகு குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் காலை வரை காத்திருக்காமல் உடனே போங்கள். இன்னொன்று ரத்தக்கசிவு. இதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும், தாங்களாக நிறுத்தவும் கூடாது. சில நாள் மூத்திரத்தில் சிவப்பு தெரியும். விந்தில் பல வாரம்கூட நிறம் மாறியிருக்கும், பயப்பட வேண்டாம்.

கிளீசன் 7 என்று வந்திருக்கிறது. பத்துக்கு ஏழு என்றால் முற்றிவிட்டதா?

கிளீசன் என்பது பயாப்சி சதையை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, நோய் எவ்வளவு வேகமானது என்று இரண்டு எண்களைக் கூட்டிப் போடும் கணக்கு. பரீட்சை மார்க் மாதிரி படிக்கக் கூடாது. இப்போதைய முறையில் புற்றுநோய் என்று சொன்னால் கிளீசன் 6-லிருந்துதான் ஆரம்பம், அதுதான் மிகவும் சாதுவான வகை. 7-லேயே இரண்டு வகை: 3+4 கொஞ்சம் மிதமானது, 4+3 அதைவிட வேகமானது. 8, 9, 10 தீவிரமானவை. இந்தக் குழப்பத்துக்காகவே 1 முதல் 5 வரை ‘கிரேடு குரூப்’ என்று புதிய வரிசை வைத்திருக்கிறார்கள். உங்கள் ரிப்போர்ட்டில் இரண்டும் இருக்கும்.

புற்றுநோய் என்கிறார்கள், ஆனால் ஆபரேஷன் வேண்டாம், பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்கிறார்கள். கைவிட்டுவிட்டார்களா?

இல்லை. சாதுவான வகைக்கு இதுதான் இன்று உலகம் முழுக்க முதலில் சொல்லப்படும் வழி. பி.எஸ்.ஏ.வை மாதக்கணக்கு வைத்து எடுப்பார்கள், எம்.ஆர்.ஐ. பார்ப்பார்கள், தேவைப்பட்டால் திரும்ப பயாப்சி. வேகம் தெரிந்தால் சிகிச்சை. பிரிட்டனில் 1,643 பேரை மூன்று பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவைக் கண்காணித்தும், ஒன்றுக்கு ஆபரேஷன் செய்தும், ஒன்றுக்குக் கதிர்வீச்சு கொடுத்தும் 15 வருடம் பின்தொடர்ந்தார்கள். முடிவு 2023-ல் வந்தது. எந்தப் பிரிவிலும் புராஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் சுமார் 3 சதவீதம்தான். கண்காணிப்பில் இருந்தவர்களில் நோய் பரவியது கொஞ்சம் அதிகம், பாதிப் பேருக்கு மேல் பின்னால் சிகிச்சைக்கும் போனார்கள். ஆனாலும் அவசரப்பட்டு அன்றைக்கே முடிவெடுக்க வேண்டிய நோய் இது இல்லை என்பது தெரிகிறது.

இது சுரப்பிக்குள்ளேயே அடங்கிய நோய்க்கு. எலும்புக்குப் போனதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

சிகிச்சை என்றால் என்னென்ன?

சுரப்பியை எடுத்துவிடுவது, கதிர்வீச்சு, ஹார்மோனை அடக்குவது. முதல் இரண்டில் எது என்பது வயது, மற்ற வியாதிகள், உங்கள் விருப்பம் எல்லாம் சேர்ந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு மூத்திரம் சொட்டுவது, ஆண்மைக் குறைவு இரண்டையும் வெளிப்படையாகக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஹார்மோன் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆண் ஹார்மோனை நிறுத்தினால் இந்த நோய் சுருங்கும் என்று 1941-ல் சார்லஸ் ஹக்கின்ஸ் காட்டினார், 1966-ல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. நிறுத்த இரண்டு வழி. சில மாதத்துக்கு ஒரு முறை ஊசி, அல்லது விதைகளை எடுத்துவிடும் சின்ன ஆபரேஷன். பரவிய நோய்க்கு இரண்டும் அந்த வேலையை ஒன்றுபோலத்தான் செய்யும். ஊசிக்காகக் கடன் வாங்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். ஆபரேஷனைப் பற்றிக் கேட்பதில் அவமானம் ஒன்றும் இல்லை.

சிகிச்சை முடிந்து மறுபடி ஏறுகிறதே?

சுரப்பியை எடுத்தவருக்கு பி.எஸ்.ஏ. அநேகமாகப் பூஜ்யமாக இருக்க வேண்டும். 0.2-ஐத் தொட்டு, திரும்ப எடுத்ததிலும் அப்படியே இருந்தால் நோய் திரும்புகிறது என்று எடுத்துக்கொள்வார்கள். கதிர்வீச்சு எடுத்தவருக்குச் சுரப்பி உள்ளேயே இருப்பதால் பூஜ்யம் ஆகாது. எவ்வளவு கீழே இறங்கியதோ அதிலிருந்து 2 கூடினால்தான் அந்தப் பேச்சு வரும். நடுவில் தானாகக் கொஞ்சம் எகிறி இறங்குவதும் உண்டு. இங்கேயும் ரிப்போர்ட்டில் 0–4 நார்மல் என்றுதான் அச்சாகியிருக்கும். சுரப்பியே இல்லாதவருக்கு 1.5 வந்தாலும் அந்தக் காகிதம் நார்மல் என்றுதான் சொல்லும்!

எங்கே போவது? செலவு?

அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சி.எம்.சி. இருக்கிறது, ராணிப்பேட்டையிலும் அதன் வளாகம் வந்துவிட்டது. வாலாஜா, ஆற்காடு பக்கத்தவர்களுக்குக் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அரசு அண்ணா புற்றுநோய் மருத்துவமனை தூரம் இல்லை. வங்காளத்திலிருந்து ரயிலேறி காட்பாடியில் இறங்கி, லாட்ஜில் மாதக்கணக்கில் தங்கி வைத்தியம் பார்க்கிறார்கள். நாம் பஸ்ஸில் அரை மணி நேரத்தில் வரக்கூடியவர்கள், அடுத்த வருடம் பார்க்கலாம் என்கிறோம்.

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு விண்ணப்பியுங்கள், சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசில் விசாரிக்கலாம். அட்டை இருந்தால் எந்தச் சிகிச்சை எந்த ஆஸ்பத்திரியில் அதில் வருகிறது என்பதை அட்மிட் ஆகும் முன் அங்குள்ள காப்பீட்டுக் கவுண்டரில் கேட்டுவிடுங்கள்.

தக்காளி, மூலிகை?

தக்காளி ரசம் நன்றாக இருக்கும், சாப்பிடுங்கள். புற்றுநோயைக் கரைக்கும் என்று விற்கும் எந்தப் பொடிக்கும் பணம் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அப்பாவுக்கு 78. மாஸ்டர் செக்கப்பில் இதையும் சேர்க்கலாமா?

தொந்தரவு எதுவும் இல்லை என்றால் நான் சேர்க்க மாட்டேன். அந்த வயதில் மெதுவாக வளரும் ஒன்றைக் கண்டுபிடித்து, ஊசி, ஸ்கேன், பயம் என்று அலைக்கழிப்பதால் லாபம் குறைவு. அமெரிக்க வழிகாட்டுதலே 70-க்கு மேல் வழக்கமாக எடுக்க வேண்டாம் என்கிறது. உங்களுக்கு எடுங்கள். அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இந்த நோய் இருந்தால் உங்களுக்கு வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. 45 வயதுவாக்கில் டாக்டரிடம் பேசலாம். என் அண்ணன் மகன்கள் இருவரும் எடுத்துவிட்டார்கள், நானும் எடுத்தேன். எனக்கு 1.8. என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று அண்ணன்தான் முதலில் கேட்டார்.

எப்போது ஓட வேண்டும்?

மூத்திரம் சுத்தமாக அடைத்துக்கொண்டால் அந்த ராத்திரியே. பி.எஸ்.ஏ. மிக அதிகமாக உள்ளவருக்கோ, ஏற்கெனவே நோய் இருப்பவருக்கோ முதுகு வலியோடு கால் மரத்தாலும், நடை தள்ளாடினாலும் அப்படித்தான். தண்டுவடம் நசுங்கினால் சில மணி நேரத்திலேயே கால் செயலிழந்து போகலாம். தைலம் தேய்த்துப் பார்க்கிறேன், காலையில் போகலாம் என்று படுக்காதீர்கள். 108-க்குக் கூப்பிடுங்கள், மாத்திரைச் சீட்டையும் பழைய ரிப்போர்ட்டுகளையும் பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.